நடந்தும் சர்க்கரை இறங்கலையே, வெயிட் தூக்கணுமா?

கேள்வி: எனக்கு வயது 66. பாபநாசம் பக்கத்தில் கிராமம். சர்க்கரை வந்து 13 வருஷமாகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறேன், பிபிக்கு அட்டெனலால். தினமும் விடியற்காலையில் குடமுருட்டிக் கரையோரம் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். எடை 61-லிருந்து 55-க்கு வந்துவிட்டது, ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. முழங்கால் வலி இருக்கிறது. பாதம் பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது. போன வருஷம் இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகள், "நடந்தா மட்டும் போதாதும்மா, வெயிட் எக்சர்சைஸ் செய்யணும்" என்கிறாள். ஐம்பது வருஷம் வயலிலும் வீட்டிலும் வேலை செய்த உடம்பு இது. இந்த வயதில் வெயிட் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று நாத்தனார் பயமுறுத்துகிறார். மருமகள் சிரிக்கிறாள். அவளுக்கே இரண்டாவது பிரசவத்தில் சர்க்கரை இருந்தது. நான் செய்யலாமா, கூடாதா?

பதில்: அன்புள்ள அம்மா, செய்யலாம். செய்தே ஆகவேண்டும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் நாளைக் காலையிலேயே ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் கண்ணும், அந்த கிளிமிபிரைடு மாத்திரையும் எனக்கு யோசனையாக இருக்கின்றன. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், மகள் சொன்னது ஏன் சரி என்று பார்ப்போம். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை எங்காவது போய் இறங்கியாக வேண்டும். இன்சுலின் அதை இறக்கிவைக்கும் இடங்களில் மிகப் பெரியது தசை. தொடை, பிட்டம், முதுகு, தோள் ஆகியவற்றில் உள்ள தசைதான் உடம்பின் பத்தாயம், நெல் கொட்டிவைக்கிற குதிர் மாதிரி. நாற்பது வயதை ஒட்டியே இந்தப் பத்தாயம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்க ஆரம்பிக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு தசையும் எலும்பும் இன்னும் வேகமாகக் கரைகின்றன. சர்க்கரை நோயும் தன் பங்குக்குத் தசையைத் தின்கிறது. அறுவடை முடிந்த நேரத்தில் நம் பக்கம் கொள்முதல் நிலையங்களின் வாசலில் நெல் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளைச்சல் கூடியதால்தான் என்று எப்போதும் சொல்ல முடியாது. பல நேரம் உள்ளே இடமிருக்காது, மூட்டை நகர்ந்திருக்காது. உங்கள் ரத்தத்தில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் வரவைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள், மாத்திரை இருக்கிற இடத்தில் தள்ளி அடுக்கப் பார்க்கிறது, பத்தாயமோ சின்னதாகிக்கொண்டே போகிறது.

எடை 6 கிலோ குறைந்ததைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோது சந்தோஷமாக இல்லை. இந்த வயதில் வெறுமனே சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்துதான் போகும். அந்த 6 கிலோவில் தசை எத்தனை என்று தராசு சொல்லாது. நாற்காலியில் உட்கார்ந்து எழும்போது தெரியும். நம் ஊர்ப் பெண்கள் பலருக்கும் பார்க்க ஒல்லி, கை கால் குச்சி, வயிற்றில் மட்டும் கொழுப்பு. மருத்துவர்கள் தெற்காசிய உடல்வாகு என்று சொல்வது இதைத்தான். எடை சரியாக இருந்தும் சர்க்கரை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பத்தாயத்துக்கு இன்சுலின் திறக்கிற வாசல் கதவு மட்டும் இல்லை, கொல்லைக் கதவும் உண்டு. தசை சுருங்கி வேலை செய்யும்போது, இன்சுலினுக்குக் காத்திராமல் அது தானாகவே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீங்கள் நடக்கும்போதும் இது நடக்கிறது, அதனால் நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் நடை கதவைத்தான் திறக்கும், பத்தாயத்தைப் பெரிதாக்காது. பெரிதாக வேண்டுமென்றால் தசைக்குப் பழக்கமில்லாத ஒரு சுமையைக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட நடை, அதோடு இரண்டு மூன்று நாள் சுமைப் பயிற்சி என்று சர்க்கரை நோய்க்கான மருத்துவ வழிகாட்டிகள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. நம் ஊரில் முதல் பாதி மட்டும்தான் மருந்துச் சீட்டில் ஏறுகிறது. "வாக்கிங் போங்க" என்று எழுதுவது சுலபம். மற்றதைச் சொல்லிக் கொடுக்க கால் மணி நேரம் வேண்டும், ஓபியில் அந்த கால் மணி நேரம் யாருக்கும் இல்லை.

ஐம்பது வருஷம் உழைத்த உடம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தேகமே இல்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி, களை, அறுப்பு, கட்டுச் சுமப்பது. வீட்டுக்கு வந்தால் உரல், அம்மி, கிணற்றுக் கயிறு. அது அத்தனையும் சுமைப் பயிற்சிதான். எந்த ஜிம்மும் அவ்வளவு கொடுக்க முடியாது. ஆனால் அம்மா, அதெல்லாம் எந்த வருஷத்தோடு நின்றது என்று யோசித்துப் பாருங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மாவு கிரைண்டரில், சட்னி மிக்சியில், தண்ணீர் மோட்டாரில். தசைக்குப் பழைய கணக்கு செல்லாது. சும்மா விட்ட சில வருஷங்களிலேயே அது செலவழிந்துவிடும்.

இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபி) என்னிடம் வந்த ஒரு பாட்டியைச் சொல்கிறேன். நாற்பது வருஷம் நடவு நட்டவர். வயது 69. முழங்கால் வலிக்குக் கரண்டு வைக்கச் சொல்லி வந்தார். "கையை ஊன்றாமல் இந்த நாற்காலியிலிருந்து அரை நிமிஷத்துக்கு எத்தனை தடவை எழுந்து உட்கார முடியும், பார்ப்போம்" என்றேன். இதென்ன பெரிய வேலை என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். முதல் தடவை எழுந்துவிட்டார். இரண்டாவது தடவை உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி எழுந்தார். மூன்றாவது தடவை கை அவருக்கே தெரியாமல் நாற்காலிப் பிடிக்குப் போய்விட்டது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயசாயிடுச்சுல்ல" என்றார். வயதுதான் காரணமென்றால் எனக்கும் வேலை இல்லை. 65 முதல் 69 வயதுப் பெண்கள் அரை நிமிடத்தில் 11 தடவைக்குக் குறைவாக எழுந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே, விழுகிற ஆபத்து கூடுதல் என்று கணக்கு. நீங்களும் இதை ஒரு முறை செய்து பார்த்து, எண்ணை நாள்காட்டித் தாளில் எழுதிவையுங்கள். பக்கத்தில் யாராவது நிற்கட்டும்.

இந்த வயதில் தசை வளருமா என்று பலர் கேட்கிறார்கள். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் கால் சுமைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் இரண்டு மடங்குக்கும் மேலே போனது. சர்க்கரைக்கு வருவோம். அதே பாஸ்டனில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் 62 பேர், எல்லோருக்கும் சர்க்கரை, சராசரி வயது உங்கள் வயதுதான், 66. அதில் 40 பேர் பெண்கள். பாதிப் பேருக்கு வாரம் மூன்று நாள் வீதம் 16 வாரம் சுமைப் பயிற்சி. அவர்களுடைய மூன்று மாதச் சர்க்கரை 8.7-லிருந்து 7.6-க்கு இறங்கியது. பயிற்சி செய்யாத பாதிப் பேருக்கு இறங்கவில்லை. பயிற்சி செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மாத்திரை அளவையும் குறைக்க முடிந்தது. எல்லா ஆய்விலும் இவ்வளவு இறங்கவில்லை, பலவற்றில் அரைப் புள்ளி அளவுதான். எனக்கு அரைப் புள்ளியே போதும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் செய்தது உண்மையிலேயே கடினமான பயிற்சி. பக்கத்தில் ஆள் நின்று, எடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஆஸ்திரேலியாவில் இதேபோல ஆறு மாதம் ஜிம்மில் செய்யவைத்து நல்ல பலன் கண்டவர்களை, அடுத்த ஆறு மாதம் வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினார்கள். பலம் நின்றது, ஆனால் சர்க்கரையில் கிடைத்த லாபம் கரைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் நாமும் அப்படித்தான், சின்ன எடையோடு திருப்திப்பட்டுக்கொள்வோம். அரை லிட்டர் பாட்டிலை இருபது தடவை ஆட்டிவிட்டு "முடிச்சாச்சு" என்றால் அது பயிற்சி இல்லை, ஈ ஓட்டுவதுதான். கடைசி இரண்டு மூன்று தடவை "இதுக்கு மேல முடியாதுப்பா" என்று வர வேண்டும். எத்தனை தடவை என்பதைவிட அதுதான் முக்கியம்.

சரி, இப்போது அந்தக் கண்ணுக்கு வருகிறேன். சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் புது ரத்தக் குழாய் முளைத்தால்தான் பெரும்பாலும் லேசர் வைப்பார்கள். அந்தக் குழாய்கள் மெல்லியவை. மூச்சைப் பிடித்து முக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறி, கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். அதனால் லேசர் வைத்த மருத்துவரிடம் போய், "இப்போது விழித்திரை எப்படி இருக்கிறது, சுமைப் பயிற்சி செய்யலாமா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னொரு கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். நிலைமை அடங்கியிருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். அவர் சரி என்று சொல்லும்வரை எடை எதுவும் தூக்காதீர்கள், நடை போதும். பிறகும் தலையைத் தாழ்த்திக் குனிகிற பயிற்சி எதுவும் வேண்டாம். எப்போதாவது கண்ணில் கரும்புள்ளி மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அதே வாக்கில் ஒரு ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள், பிபி பாருங்கள். நெஞ்சுவலி இல்லையே என்று இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ள பெண்களுக்கு இதயக் கோளாறு வலி இல்லாமலே வரலாம். வழக்கமான வேலைக்கே மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, குளிர்ந்த வியர்வை என்று மட்டும் காட்டலாம்.

அடுத்தது மாத்திரை. மெட்ஃபார்மின் சாதுவானது. கிளிமிபிரைடு அப்படியில்லை, அது வயிறு காலியாக இருந்தாலும் இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். காலை ஏழு மணிக்கு வந்த ஓர் அம்மாவிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்காமலே பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெறும் காபியோடு வந்திருக்கிறார். பத்தாவது நிமிடம் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, கை நடுக்கம், நான் கேட்பதற்குச் சம்பந்தமில்லாத பதில். சர்க்கரை 54. டீ போட வைத்திருந்த சர்க்கரைதான் அன்றைக்குக் காப்பாற்றியது. அன்றிலிருந்து என் முதல் கேள்வி "என்ன சாப்பிட்டீங்க, எப்போ?"

எனவே வெறும் வயிற்றில் சுமைப் பயிற்சி கிடையாது. காலைப் பலகாரம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சர்க்கரையையும் அது பிடித்து இறக்கும். விடியற்காலை நடை அப்படியே இருக்கட்டும், ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நடக்காதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதல் சில வாரம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கலாம். 300-க்கு மேலே இருந்தால், அல்லது காய்ச்சல், வாந்தி இருந்தால் அன்றைக்கு விடுமுறை. 70-க்குக் கீழே போனாலோ வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தாலோ மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். பிஸ்கட், சாக்லேட்டெல்லாம் ஏறுவதற்கு நேரமாகும். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டெனலால் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக வரும் படபடப்பு தெரியாது. வியர்வைதான் உங்களுக்கு அடையாளம். அதனால்தான் மின்விசிறிக்கு அடியில் செய்யுங்கள் என்கிறேன். சித்திரை வெயிலில் வேர்த்தால் எது எதனால் என்று தெரியாது.

இனி பயிற்சி. நான் ஐந்தே ஐந்து சொல்கிறேன், அதிலும் முதலாவது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அது, உட்கார்ந்து எழுவது. உங்கள் வீட்டில் திண்ணை இருந்தால் அதன் உயரம் அனேகமாகச் சரியாக இருக்கும். இல்லையென்றால் கைப்பிடி வைத்த மர நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வேறு வழியில்லை என்றால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நைட்டி நல்லது, புடவை என்றால் கொசுவம் காலில் தட்டாமல் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். விளிம்புக்கு வந்து உட்காருங்கள். இரண்டு பாதமும் இடுப்பு அகலத்தில், குதிகால் முழங்காலுக்கு ஒரு சாண் உள்ளே. கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயுங்கள். வாயால் மூச்சை ஊதிக்கொண்டே எழுங்கள். முழுசாக நிமிர்ந்து நின்று, பிட்டத்தை இறுக்கி, பிறகு மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். இந்த இறக்கத்தில்தான் தொடைக்கு நிஜமான வேலை. தொப்பென்று விழுந்தால் பாதிக் கூலி போச்சு. எழவே முடியவில்லை என்றால் உட்காருமிடத்தில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பத்து தடவை சுலபமாகிவிட்டால் தலையணையை எடுங்கள். அதுவும் சுலபமானால், இரண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது, இழுப்பது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் ட்யூப் கேட்டால் கொடுப்பார்கள். கழுவி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, நீளமாக வெட்டி, நெஞ்சு உயரத்தில் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் விட்டு இரண்டு முனையையும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். முழங்கை விலாவை உரசிக்கொண்டு பின்னால் போகட்டும், முதுகுப் பட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடப் பார்க்கட்டும். கிணற்றில் தண்ணீர் இறைத்த கைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, கயிறு மேலிருந்து வராமல் எதிரிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். இழுவை போதவில்லை என்றால் ஜன்னலிலிருந்து ஓர் அடி தள்ளி நில்லுங்கள்.

மூன்றாவது, சுவரைத் தள்ளுவது. கை நீட்டும் தூரத்தில் நின்று, உள்ளங்கையைச் சுவரில் பதித்து, நெஞ்சு சுவரை நெருங்கும்வரை போய்த் திரும்பி வாருங்கள். நான்காவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. பாதம் மரத்துப்போன உங்களுக்கு இது தள்ளாடாமல் நிற்கவும் உதவும், ஆனால் பிடியை விடாதீர்கள். ஐந்தாவது சுமந்து நடப்பது. இரண்டு மஞ்சள் பையில் சமமாகத் தலா இரண்டு கிலோ போட்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்து, நிமிர்ந்து முற்றத்தை ஒரு நிமிடம் சுற்றுங்கள். பிடியின் பலம் கூடும். குப்பி மூடி திறக்க மருமகளைக் கூப்பிடுவது குறைந்தால் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாமே பத்துப் பன்னிரண்டு தடவை, முதல் இரண்டு வாரம் ஒரு சுற்று மட்டும். அப்புறம் இரண்டு சுற்று, இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. செவ்வாய், வெள்ளி என்று வைத்தால் விளக்கு, பூஜை என்று விட்டுப்போகும். திங்கள், வியாழனில் ஆரம்பியுங்கள். ஒரு மாதம் கழித்து திங்கள், புதன், சனி என்று மூன்றாக்குங்கள். ஒரு பயிற்சியின் பலன் சர்க்கரையில் ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும், அதனால் நீண்ட இடைவெளி விடக் கூடாது. தினமும் செய்யவும் கூடாது, தசை வளர்வது ஓய்வு நாளில்தான். அடுத்தடுத்து இரண்டு முறை பதினைந்து தடவை சிரமமில்லாமல் வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் என்றால் ஒரு கிலோ, உலர்ந்த மணல் என்றால் சுமார் ஒன்றரை கிலோ. ஆற்று மணல் அள்ளினால் கேஸ் போடுவார்களே என்று கேட்காதீர்கள், பாட்டில் அளவுதான்.

நாத்தனார் சொன்ன விஷயத்தைச் சிரித்துத் தள்ள மாட்டேன். கர்ப்பப்பை இறங்குவது நம் பக்கத்துப் பெண்கள் வெளியே சொல்லாமல் வருஷக்கணக்கில் சுமக்கிற கோளாறு. அடுத்தடுத்த பிரசவம், பிரசவம் முடிந்த சூட்டோடு வயல் வேலை, தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, இவையெல்லாம் சேர்ந்துதான் அடிவயிற்றுத் தளத்தைத் தளர்த்துகின்றன. நான் சொன்ன எடையில், மூச்சை விட்டுக்கொண்டு செய்தால், இறக்கம் இல்லாத பெண்ணுக்கு இதனால் புதிதாக இறங்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கீழே ஏதோ உருண்டை தட்டுப்படுகிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது என்றால் மறைக்காமல் முதலில் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரைப் பாதியில் அடக்குவது போல உள்ளே இழுத்து ஐந்து எண்ணிப் பிடித்து விடுகிற பயிற்சியை, சிறுநீர் கழிக்காத நேரத்தில், தினமும் செய்யலாம். எழும்போதும் அதே மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு எழுங்கள்.

முழங்கால் வலிக்கு ஓய்வுதான் மருந்து என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். தேய்மான முழங்காலுக்குத் தொடைத் தசைதான் முட்டு. அது பலமானால் வலி குறையும். செய்யும்போது லேசான வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் போய்விட வேண்டும். வீங்கினால், மறுநாள் கூடினால், அளவை இறக்குங்கள். முதல் வாரம் தொடை கடுக்கும், அது நடவு ஆரம்பித்த முதல் நாள் கடுக்குமே, அந்தக் கடுப்புதான்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பாதிச் சோறு சரி, மீதிப் பாதித் தட்டு காலியாக இருப்பதுதான் தப்பு. தசை கட்டப் புரதம் வேண்டும், 55 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 65 கிராம். ரசம் சோறும் ஊறுகாயும் அதைத் தராது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு கைப்பிடி பயறில் 7, மீன் நூறு கிராமில் 18-க்கு மேல். சம்பா அறுப்புக்கு முன்னால் ஈர வயலில் தெளித்துவிடுகிற நம் ஊர் உளுந்து இருக்கிறதே, அந்த ஆடுதுறை 3, அதை இட்லிக்கு மட்டும் ஒதுக்காமல் சுண்டலாகவும் கஞ்சியாகவும் சாப்பிடுங்கள். களி கிண்டிக் கருப்பட்டி போட்டால் அது உளுந்துக் கணக்கில் வராது, சர்க்கரைக் கணக்கில்தான். புரதத்தைக் கூட்டுவதற்கு முன் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாதம் பஞ்சு மாதிரி இருக்கிறது என்ற வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். ஆற்றங்கரையில் முள் குத்தினாலும், கோயில் பிராகாரத்தில் கல் சுட்டாலும் தெரியாது. மதியம் சுடுகல்லில் பிரதட்சணம் செய்து, இரண்டு பாதமும் கொப்புளித்து, மூன்றாம் நாள் மகன் பார்த்துச் சொல்லித் தெரிந்துகொண்டவரை நான் பார்த்திருக்கிறேன். நடைக்கு எம்.சி.ஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது), பின்பட்டையோடு. பிரகாரம் சுற்றுவது விடியற்காலையில் மட்டும். இரவு படுக்குமுன் பாதத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது, பயிற்சி செய்த நாளும் செய்யாத நாளும்.

இதையெல்லாம் எழுத்தில் படித்துச் செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம், இயன்முறை சிகிச்சையாளர் எப்போது வருவார் என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்தே மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு, மாத்திரையைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு முறை நேரில் பார்த்து உட்கார்ந்து எழுவதைத் திருத்திக் கொடுத்தால்கூடப் போதும். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நடுவில் அடிக்கடி 80, 90 என்று வர ஆரம்பித்தால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் போய் கிளிமிபிரைடைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

மருமகள் சிரிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பிரசவ காலத்தில் சர்க்கரை வந்து போனவர்களுக்கு, பின்னாளில் அது நிரந்தரமாக வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. அவர் கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தார் என்று கேளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே பஞ்சர் கடையில் ட்யூப் வாங்கும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள்.